ரோஜாத் தூரில் முண்டு

கேள்வி: நிலக்கோட்டைப் பக்கம் அரை ஏக்கர் ரோஜா. நாலைந்து செடிகளின் தூரில் எலுமிச்சை அளவுக்கு முண்டு. அறுத்துவிட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாதுங்க. அறுத்துப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்; மறு வருஷம் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பியது. இது கழலை நோய். அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா, கவாத்துக் காயம் (கிளை வெட்டிய காயம்) வழியே நுழைந்து தன் மரபணுத் துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகிவிடும். அப்புறம் பாக்டீரியா செத்தாலும் முண்டு தானாக வளரும். 1907-இல் ஸ்மித்தும் டவுன்சென்டும் கண்டுபிடித்த கிருமி. மரபணு மாற்றுப் பயிருக்கு விஞ்ஞானிகள் இதையே கூலியாளாகப் பிடித்துக்கொண்டது தனிக்கதை. சரி, உங்கள் செடிக்கு வருவோம். வேரோடு தோண்டி எரித்துவிடுங்கள். அந்தக் குழியில் மறுபடி ரோஜா வேண்டாம், சோளம் போடுங்கள். கவாத்துக் கத்தரிக்கோலைச் செடிக்குச் செடி ஸ்பிரிட்டில் துடையுங்கள். புது நாற்று வாங்கும்போது ஒட்டுக் கட்டிய இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். நெல்லளவு புடைப்பு தட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.