கொழுந்து பறிக்கும் அம்மாவின் இடுப்பு வலிக்குக் கைரோபிராக்டிக் உதவுமா?

கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும் உங்கள் அம்மாவுக்கு நான்கு மாதமாக இடுப்பு வலி என்றும், முதுகெலும்பைக் கையால் அழுத்தும் கைரோபிராக்டிக் பயன்படுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஓரளவு பயன்படலாம். 1895-இல் அமெரிக்காவில் டி. டி. பால்மர் தொடங்கிய இம்முறை பெரும்பாலான நோய்களைத் தீர்க்கும் என்று அன்று சொல்லப்பட்டதை இன்றைய ஆய்வுகள் ஏற்கவில்லை. ஆனால் நாள்பட்ட இடுப்பு வலியில், பரிந்துரைக்கப்படும் பிற சிகிச்சைகளுக்கு ஏறத்தாழ இணையான பலனை முதுகெலும்பு அழுத்தச் சிகிச்சை தருகிறது என்று, 47 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலும் உடற்பயிற்சியோடு இதையும் சேர்த்திருக்கிறது. அழுத்தும்போது கேட்கும் ‘சடக்’ ஒலி, விலகிய எலும்பு இடத்தில் அமர்வதால் வருவதன்று (பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள்); மூட்டுத் திரவத்தில் வாயுக்குழி உண்டாவதோடு தொடர்புடையது.

சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக ஊன்றி, தலையில் மாட்டிய பட்டையில் பை கனக்க நிற்பவருக்குக் கழுத்தும் வலிக்கும். அங்கே சட்டென்று திருகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரிதாகவேனும், கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

எலும்புத் தேய்மானம் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போதல், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.