ரேக்கில் விளக்கு எரிகிறதா? ஐ.டி. சான்றிதழ் பயிற்சி: கேள்வி-பதில்

மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் இறுதி ஆண்டு படிக்கிறாள். சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ்களான சிசிஎன்ஏ, சிசிஎன்பி, அதோடு கிளவுட் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகள்) மூன்றையும் மூன்றே மாதத்தில் கற்றுத் தருவதாக ஒரு பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். கட்டணம் 65,000 ரூபாய். இன்றே கட்டினால் 15,000 தள்ளுபடி. நூறு சதவீத வேலை உத்தரவாதமும் உண்டாம். சேர்க்கலாமா?
*அரசு ஊழியர், திருச்சி*

இன்றைக்குக் கட்டாதீர்கள். அடுத்த வாரம் போனாலும் அந்தத் தள்ளுபடி உங்களுக்காகக் காத்திருக்கும்.

மூன்று மாதத்தில் மூன்று என்பது நடக்காத காரியம். தினமும் இரண்டு மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தால் சிசிஎன்ஏ ஒன்றுக்கே நான்கைந்து மாதம் ஆகும். சிசிஎன்பி வாங்க இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும். வேலையில் சில வருடம் இருந்தவர்களுக்கு உரியது அது. இப்போதைக்கு சிசிஎன்ஏ மட்டும் போதும்.

அடுத்து, கட்டணத்தில் தேர்வுக் கட்டணமும் அடக்கமா என்று கேளுங்கள். சிசிஎன்ஏ தேர்வுக்கு 300 டாலர், வரி தனி. ரூபாயில் முப்பதாயிரத்தை ஒட்டி வரும். பல இடங்களில் பணம் கட்டி முடித்த பிறகுதான் இந்தச் செலவைப் பற்றி வாய் திறப்பார்கள்.

பாடத்திட்டத்தை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். இப்போது நடக்கும் தேர்வின் எண் 200-301. 2020 பிப்ரவரியில் அது வந்தபோதே பழைய பாடங்கள் பல கழிந்துவிட்டன. அவர்கள் தரும் தாளில் ஆர்ஐபி, ஃபிரேம் ரிலே போன்ற பழைய நெட்வொர்க் முறைகளே ஒரு வாரம் ஓடினால், பத்து வருடத்துக்கு முந்தைய குறிப்பேட்டை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள் என்று பொருள். மாறாக ஆட்டோமேஷன், அதாவது நெட்வொர்க் வேலைகளை நிரல் எழுதித் தானாக நடக்க வைப்பது, என்ற பகுதி இருக்க வேண்டும். தேர்வில் அதற்குப் பத்து சதவீத இடம் உண்டு. சிஸ்கோவே எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம் என்று தன் தளத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நீங்கள் கணினி படித்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, லேப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். சில வருடம் முன்பு ஒரு மையத்துக்கு என்னை அழைத்துப் போனார்கள். கண்ணாடி அறைக்குள் ஆளுயர ரேக் (கருவிகளை அடுக்கும் சட்டம்), அதில் கணினிகளை இணைக்கும் சுவிட்சுகள் ஏழெட்டு. படம் எடுத்து விளம்பரத்தில் போட அம்சமாக இருந்தது. எதிலும் விளக்கு எரியவில்லையே என்று பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மின்கம்பியே சொருகவில்லை; அந்தத் துளைகளில் ஒட்டடை. உங்கள் மகளையும் அழைத்துப் போய், ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் லேப் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். உண்மையான கருவி இல்லாவிட்டாலும் குற்றமில்லை. நெட்வொர்க்கைக் கணினித் திரையிலேயே அமைத்துப் பழகும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசமாகக் கிடைக்கிறது. சிசிஎன்ஏவுக்கு அதுவே தாராளம். இல்லாத லேபுக்குப் பணம் வாங்குவதுதான் குற்றம்.

வேலை உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். காகிதத்துக்கு வரும்போது அது "நேர்முகத் தேர்வுக்கு ஏற்பாடு செய்து தரப்படும்" என்று இளைத்துவிடும். கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் என்னென்ன பயிற்சி இருக்கிறது என்பதையும் ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.

பயிற்சி முடித்து மையம் தந்த சான்றிதழை வேலை கேட்டுப் போன இடத்தில் காட்டினேன். "இது செல்லாது, ஒரிஜினல் எங்கே" என்கிறார்கள்.
*பட்டதாரி, சேலம்*

உங்களிடம் இருப்பது வகுப்புக்குப் போனதற்கான சான்று. சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களின் சான்றிதழ் அவர்கள் நடத்தும் தேர்வில் தேறினால்தான் வரும். அதை இணையத்தில் சரிபார்க்க முடியும். உங்கள் கையில் உள்ளதைச் சரிபார்க்க முடியாது. படித்தது வீண் இல்லை, தேர்வை எழுதிவிடுங்கள்.

டம்ப்ஸ் (கசிந்த தேர்வுக் கேள்வி-விடைகள்) மனப்பாடம் செய்தால் பாஸ் ஆகிவிடலாம் என்கிறார் எங்கள் பயிற்சியாளரே. உண்மையா?
*பெயர் வேண்டாம், சென்னை*

ஆகலாம். தேர்வுக்கு முன் நீங்கள் ஒப்புக்கொள்ளும் விதிகளின்படி அது மோசடி. பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்துவிடுவார்கள். பிடிபடாதவரின் கதையையும் சொல்கிறேன். நேர்முகத் தேர்வில் ஒரு பையனிடம், /26 சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரு சிறு பிரிவு) எத்தனை கணினிகளுக்கு முகவரி தரலாம் என்று கேட்டேன். 62 என்று சொல்ல ஐந்து விநாடி போதும். அவன் கூரையைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், பிறகு கேட்டான்: "சார், ஆப்ஷன் கொடுக்க மாட்டீர்களா?" உங்கள் பயிற்சியாளரை மாற்றுங்கள்.

வயது 38. பதினான்கு வருடமாக மென்பொருள் டெஸ்டிங். அமேசான் கிளவுடுக்கு மாற வேண்டும். எந்தச் சான்றிதழ்: கிளவுட் பிராக்டிஷனரா, சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்டா?
*வாசகி, கோவை*

நேராக சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் எழுதுங்கள். பிராக்டிஷனர் தேர்வு 100 டாலர், ஆர்க்கிடெக்ட் 150. பிராக்டிஷனரைத் தேறினால்தான் ஆர்க்கிடெக்ட் என்ற நிபந்தனை கிடையாது. பிராக்டிஷனர் விற்பனைப் பிரிவினருக்கும் புதியவர்களுக்கும் சரி. இதற்கெனப் பெரிய தொகை கொடுத்து வகுப்பில் சேர வேண்டாம். அமேசானின் இலவசப் பாடங்களும் உங்கள் சொந்தக் கணக்கில் செய்து பார்க்கும் பயிற்சியும் போதும். கணக்கைத் திறந்ததும் முதல் வேலையாக, செலவு ஏறினால் தகவல் தரும் பட்ஜெட் எச்சரிக்கையைப் போட்டுவிடுங்கள். ஓடவிட்ட சர்வரை அணைக்க மறப்பது, தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு ஊருக்குப் போவதைப் போன்றது.

கல்லூரி முடித்ததும் சிஐஎஸ்எஸ்பி (கணினிப் பாதுகாப்பு வல்லுநர் சான்றிதழ்) படிக்கலாமா?
*மாணவர், திருநெல்வேலி*

தேர்வு எழுதலாம், சான்றிதழ் கைக்கு வராது. ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள்; கணினித் துறைப் பட்டப்படிப்புக்காக ஒரு வருடம் கழிப்பார்கள். அதே துறையின் தொடக்கநிலைச் சான்றிதழான செக்யூரிட்டி பிளஸில் தொடங்குங்கள்.

ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழான ஆர்எச்சிஎஸ்ஏவுக்கு வீட்டிலேயே படிக்கிறேன். கட்டளைகள் எல்லாம் மனப்பாடம். வகுப்பு அவசியமா?
*சிஸ்டம் அட்மின், மதுரை*

வகுப்பு வேண்டாம், மனப்பாடமும் வேண்டாம். இந்தத் தேர்வில் கேள்விக்கு விடை தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. கணினியைக் கொடுத்து, இதை இப்படி அமைத்துக் காட்டு என்பார்கள். 300க்கு 210 எடுக்க வேண்டும். இணையம் கிடையாது, மேன் பக்கங்கள் (கணினியிலேயே இருக்கும் கட்டளை விளக்கக் குறிப்புகள்) உண்டு. ஆகவே அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம்தான் முக்கியம்.

ஒரே ஒரு இடத்தில்தான் நல்ல ஆட்கள்கூடக் கவிழ்கிறார்கள். நீங்கள் செய்தது எல்லாம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். என்னிடம் மாதிரித் தேர்வு எழுதிய ஒருவர் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் மீதம் வைத்து முடித்துவிட்டு, டீ குடிக்கப் போகலாமா என்று கேட்டார். ரீபூட் செய்யுங்கள் என்றேன். வெப் சர்வரை ஸ்டார்ட் செய்திருந்தார்; ரீபூட்டிலும் தானாக ஓடும்படி எனேபிள் செய்யவில்லை. அது சின்ன விஷயம். கணினி தொடங்கும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், டிஸ்க்கின் அடையாள எண்ணான யுயுஐடியில் ஒரு எழுத்து தவறு. கணினி முழுதாகத் தொடங்காமல் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிட்டது. அதைத் திருத்தாதவரை மற்றக் கேள்விகளுக்குச் செய்தது எதையும் பார்க்கவே முடியாது. அந்தக் கோப்பைத் தொட்டால் உடனே மவுன்ட் கட்டளையை ஓட்டிச் சரிபாருங்கள். வீட்டில் ஒவ்வொரு பயிற்சியையும் ரீபூட்டோடு முடியுங்கள்.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாமா, மையத்துக்குப் போக வேண்டுமா?
*இல்லத்தரசி, ஈரோடு*

பல தேர்வுகளை வீட்டிலிருந்தே எழுதலாம். மேசையைத் துடைத்து வைத்தாற்போல் காலி செய்து, அறையை நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பி, கேமரா முன் உட்கார வேண்டும். நடுவில் யாராவது கதவைத் திறந்து "சிலிண்டர் வந்திருக்கிறது" என்றால்கூடத் தேர்வை நிறுத்திவிடலாம்; கட்டிய பணமும் போகும். பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் மையம் இருந்தால் அங்கேயே எழுதுங்கள்.