'சும்மா' நிற்பது குற்றமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் என் மகள் குடியிருக்கும் சிறு நகரத்தின் நகர மன்றம், கடைத்தெருவிலும் பூங்கா ஓரத்திலும் காரணமின்றி நிற்பதைத் தடை செய்யும் உள்ளூர்ச் சட்டம் ஒன்றை ஆலோசித்து வருகிறது. இப்படிப்பட்ட சிகாகோ சட்டத்தை உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ரத்தானது உண்மை. ஆனால் எதனால் ரத்தானது என்று தெரியாவிட்டால் அந்தத் தகவலால் உங்கள் மகளுக்குப் பயனில்லை. 1992-இல் சிகாகோ நகர மன்றம் நிறைவேற்றிய அச்சட்டம் தெருக் கும்பல்களை ஒடுக்குவதற்காக வந்தது. பொது இடத்தில் சேர்ந்து நிற்பவர்களில் ஒருவராவது கும்பலைச் சேர்ந்தவர் என்று காவலர் நியாயமாக நம்பி, அவர்கள் வெளிப்படையான நோக்கம் எதுவுமின்றி நிற்பதாகவும் கருதினால், எல்லோரையும் கலைந்து போகச் சொல்லலாம். போகாதவரைக் கைது செய்யலாம். தண்டனையாக 500 டாலர் வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும் 120 மணி நேரம் வரை சமூகப் பணியும் விதிக்க இடமிருந்தது. மூன்றாண்டுகளில் 89,000-க்கும் மேற்பட்ட கலைப்பு உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன. 42,000-க்கும் மேற்பட்டோர் கைதாயினர்.

சட்டம் தடுக்கி விழுந்தது 'நோக்கம்' என்ற சொல்லில்தான். நம் ஊரில் தெருமுனையில் நிற்பவரிடம் "என்ன, இங்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் "சும்மாதான்" என்பார்கள். நண்பருக்காகக் காத்திருப்பதும், புழுக்கம் தாங்காமல் காற்று வாங்க வந்ததும், வீட்டில் சண்டை ஓயட்டும் என்று வெளியே வந்ததும் அந்தச் 'சும்மா'வுக்குள் அடங்கும். சிகாகோ நகரத்துக்கும் மொராலெஸ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் 1999 ஜூன் 10 அன்று தீர்ப்பெழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸும் இதைத்தான் வேறு விதமாகச் சொன்னார். கும்பலைச் சேர்ந்த ஒருவர் தம் தந்தையோடு ரிக்லி ஃபீல்டு பேஸ்பால் மைதானத்துக்கு வெளியே நிற்பது யாரையாவது கொள்ளையடிப்பதற்காகவும் இருக்கலாம், ஆட்டம் முடிந்து வரும் பேஸ்பால் வீரர் சாமி சோசாவை ஒரு பார்வை பார்ப்பதற்காகவும் இருக்கலாம். இருவரின் நோக்கமும் காவலரின் கண்ணுக்குத் தெரியாதென்றால், இரண்டு நிலையிலும் அவர் கலைந்து போகச் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்பதே அச்சட்டத்தின் நிலை. எது நோக்கம், எது நோக்கமன்று என்பதைக் காவலரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது என்ற காரணத்தால், 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது.

கேள்வி: தீர்ப்பு இருக்கட்டும். கும்பலுக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களின் குறையை யார் கேட்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நியாயமான கேள்வி, மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸும் இதையேதான் கேட்டார். அந்தச் சட்டம் யாரோ அதிகாரிகள் மேலிருந்து திணித்ததன்று. நகர மன்றக் குழுவின் முன் குடியிருப்பவர்களே வந்து, பகலில் கடைக்குப் போகவும் பயமாக இருக்கிறது என்று சாட்சி சொன்னார்கள். அவர்களுடைய பயத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் அந்தப் பயத்துக்கு அச்சட்டம் சரியான மருந்தாகவும் இல்லை. தெருமுனையில் நின்று போதைப்பொருள் விற்பவருக்கு வெளிப்படையான நோக்கம் இருக்கிறதே! சட்டத்தின் சொற்படி பார்த்தால் அவர் 'சும்மா' நிற்பவர் அல்லர். மிரட்டுகிறவனை விட்டுவிட்டு, பேசிக்கொண்டு நிற்பவனைப் பிடிக்கும் இந்த முரணை நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது.

நகர மன்றமும் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 2000-இல் அது சட்டத்தைத் திருத்தி எழுதியது. ஒரு பகுதியைக் கும்பலின் பிடிக்குள் கொண்டுவருவது, பிறரை அங்கே வரவிடாமல் அச்சுறுத்துவது, குற்றச்செயலை மறைப்பது ஆகியவற்றுக்காக நிற்பதையே புதிய சட்டம் குறிவைத்தது. காவல்துறைத் தலைமை குறித்துக் கொடுக்கும் இடங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். கலைக்கப்பட்டவர் 3 மணி நேரம் அங்கே திரும்பி வரக்கூடாது. முந்தைய சட்டத்தைவிட இது எவ்வளவோ தெளிவு. அதற்காக அதை நல்ல சட்டம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் யார் கும்பலைச் சேர்ந்தவர் என்று முடிவு செய்வது இன்னும் காவலர்தான்.

கேள்வி: வீடில்லாதவர்கள் தெருவில் படுப்பதைத் தடுக்கலாம் என்று 2024-இல் தீர்ப்பு வந்ததே, அது இதற்குப் பொருந்தாதா?
– வாசகர், சென்னை

பதில்: பொருந்தாது. ஓரிகன் மாநிலத்துக் கிராண்ட்ஸ் பாஸ் நகரம் தொடர்பான அந்த வழக்கு, பொது இடத்தில் படுக்கை விரித்துத் தங்குவதற்குத் தண்டனை விதிப்பது கொடுமையான தண்டனை ஆகுமா என்பதைப் பற்றியது. ஆகாது என்று 6 நீதிபதிகள் கூறினர். சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்க வேண்டும் என்ற விதி அதனால் மாறவில்லை.

கேள்வி: இலங்கையிலும் இத்தகைய சட்டம் உண்டல்லவா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு. வேலையின்றி அலைவோர் பற்றிய 1841-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அங்கே காலனி ஆட்சியில் வந்தது. அமெரிக்க நகரங்களின் பழைய சட்டங்களுக்கும் மூலம் ஆங்கிலேயச் சட்டமரபே. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் அந்நாட்டின் தென் மாநிலங்கள் அதே மரபைக் கையில் எடுத்து, விடுதலை பெற்ற கறுப்பின மக்களை 'வேலையில்லாதவர்' என்று பிடித்து, கூலியில்லா வேலைக்கு அனுப்பின. புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரச் சட்டம் 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தபோதும், அதன் பட்டியலில் போக்கிரி, குடிகாரர், சூதாடி ஆகியோரோடு நோக்கமின்றி நடந்து திரிபவரும் இருந்தார்.

கேள்வி: மன்றக் கூட்டத்தில் பேச என் மகளுக்கு 3 நிமிடம் கொடுத்திருக்கிறார்களாம். என்ன கேட்கலாம்?
– அதே திருநெல்வேலி வாசகர்

பதில்: நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுப்பிய ஐயங்களையே கேட்கச் சொல்லுங்கள். கலைந்து போகச் சொன்னால் எவ்வளவு தூரம் போக வேண்டும், எவ்வளவு நேரம் விலகியிருக்க வேண்டும், நாலு பேரும் அந்தத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே முனையில் மறுபடி சந்தித்துக்கொண்டால் கைதா, இன்னோர் எச்சரிக்கையா? வரைவுச் சட்டத்தில் இவற்றுக்கு விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும்படியும் கேட்கட்டும்.