ஆர்பிட்டர், ஃப்ளைட்கியர்: பூமியைச் சுற்றுபவர்களின் கேள்விகள்

ஓப்பன் சோர்ஸ் சிமுலேட்டர்களில் விண்கலம் ஓட்டுவது பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எதில் தொடங்கலாம் அண்ணா? என் லேப்டாப் சுமார்தான்.

விண்கலம் ஓட்டுவதற்கென்றே எழுதிய ஆர்பிட்டரில் தொடங்குங்கள். மார்ட்டின் ஷ்வைகர் 2000-ல் வெளியிட்டது. 2021-ல் எம்ஐடி உரிமத்தில் (யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்) சோர்ஸ் கோடையும் திறந்துவிட்டார். அதில் வரும் டெல்டா கிளைடர் கற்பனைக் கலம். எரிபொருள் தாராளம், நாலு தப்பு செய்தாலும் தாங்கும். ஃப்ளைட்கியர் அடிப்படையில் விமான சிமுலேட்டர். அதிலுள்ள ஸ்பேஸ் ஷட்டில் அருமையான வேலைதான், ஆனால் சுவிட்சுகளைப் பழகவே மாதக்கணக்காகும். பூமியைச் சும்மா வேடிக்கை பார்க்க மட்டும் என்றால் செலஸ்டியா என்ற விண்வெளி காட்டும் மென்பொருள் போதும்.

கேள்வி: விண்வெளி நிலையம் எனக்கு நேர் முன்னால் 10 கி.மீ.யில் இருக்கிறது. மூக்கை அதை நோக்கி வைத்து இன்ஜினைத் தட்டினால், கொஞ்ச நேரத்தில் அது கீழே போய், என்னை விட்டு விலகி ஓடுகிறது. சிமுலேட்டரில் பக் (பிழை) இருக்கிறதா?

பக் இல்லை தம்பி, நீங்கள் பைக் ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறீர்கள். முன்னால் தள்ளினால் பாதை பெரிதாகும், பெரிய பாதையைச் சுற்ற அதிக நேரம் பிடிக்கும், ஆகவே பின்தங்குவீர்கள். முன்னால் போகிறவரைப் பிடிக்க பிரேக் போட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 400 கி.மீ. உயரத்தில் வேகம் நொடிக்கு 7.67 கி.மீ., ஒரு சுற்றுக்குச் சுமார் 92 நிமிடம். சராசரியாக 1 கி.மீ. தாழ்ந்தால் ஒரு சுற்றில் ஏறக்குறைய 9.4 கி.மீ. முந்துவீர்கள். ஆர்பிட்டரில் ] விசையை அழுத்தினால் கலம் பின்பக்கமாகத் திரும்பும். அப்படியே நொடிக்கு 0.6 மீட்டர் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். ஆமாம், நடக்கிற வேகத்தில் பாதிதான். ஒரு சுற்று முடிந்து அதே இடத்துக்கு வரும்போது நிலையம் பக்கத்தில் நிற்கும், எடுத்த 0.6-ஐ அங்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் T விசை நேரத்தைப் பத்து மடங்கு ஓட்டும், R குறைக்கும். கடைசி நூறு இருநூறு மீட்டருக்கு மட்டும் உங்கள் பைக் பழக்கம் செல்லும்.

கேள்வி: ஃப்ளைட்கியரில் எர்த்வியூ என்று ஒன்று எதற்கு? ஏற்கெனவே உள்ள நிலப்பரப்பையே மேலிருந்து காட்டினால் ஆகாதா?

400 கி.மீ. உயரத்திலிருந்து தரையில் எல்லாத் திசையிலும் சுமார் 2,200 கி.மீ. தெரியும். சென்னைக்கு மேலே இருந்தால் டெல்லியும் கண்ணுக்குள் வந்துவிடும். ஓடுபாதை, மரம், வீடு என்று துண்டு துண்டாக ஏற்றும் நிலப்பரப்பை அவ்வளவு தூரத்துக்கு ஏற்ற எந்த மெமரியும் போதாது. எர்த்வியூ அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, படம் போர்த்திய ஓர் உருண்டையையும் மேலே ஒரு மேக அடுக்கையும் வரைகிறது.

இப்படிப்பட்ட உருண்டைகளுக்குப் பலரும் எடுப்பது நாசாவின் ப்ளூ மார்பிள் படம். முழு அளவு 86,400 × 43,200 பிக்சல், அதாவது ஒரு பிக்சலுக்கு அரை கி.மீ. சுருக்காமல் வைத்தால் 11 ஜிபி. அதனால் எல்லாவற்றையும் இறக்கிக் குவிக்காதீர்கள். உங்கள் கிராபிக்ஸ் கார்டு தாங்குகிற அளவை எடுங்கள். முழு அளவிலேயே 3 கி.மீ. ஓடுபாதை நீளத்தில் ஆறு பிக்சல்தான், அகலத்தில் ஒன்றுகூடத் தேறாது.

கேள்வி: சொந்தமாக ஒரு சின்ன சிமுலேட்டர் எழுதுகிறேன் சார். தரையில் எல்லாம் சரி, சுற்றுப்பாதைக்குப் போனால் காக்பிட் நடுங்குகிறது.

பூமியின் மையத்தை ஆதியாக (பூஜ்யப் புள்ளியாக) வைத்து, மீட்டரில், 32 பிட் ஃப்ளோட் என்ற தசம எண் வகையில் எழுதியிருப்பீர்கள். 67,71,000 மீட்டரில் அந்த எண்ணுக்கு இரண்டு அடுத்தடுத்த மதிப்புகளுக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளி. உங்கள் காக்பிட் அரை மீட்டர் அரை மீட்டராகத் தாவுகிறது, அவ்வளவுதான். இடங்களை 64 பிட்டில் வைத்துக்கொண்டு, கேமராவின் இடத்தை அதிலேயே கழித்த பிறகு மிச்சத்தை ஃப்ளோட்டாக கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்புங்கள். வரிசை முக்கியம், மாற்றிவிட்டுக் கழித்தால் நடுக்கம் அப்படியே இருக்கும்.

கேள்வி: பகலில் நட்சத்திரங்களே தெரியவில்லையே?

வெயில் படும் பூமி பக்கத்தில் இருக்கும்போது உண்மையான படங்களிலும் தெரியாது. இரவுப் பக்கம் வரும் வரை பொறுங்கள்.

கேள்வி: பூமி உருண்டையாகவே தெரியவில்லை. நேராகப் பார்த்தால் வெறும் கறுப்பு.

400 கி.மீ.யில் அடிவானம் கிடைமட்டத்துக்கு 20 டிகிரி கீழே இருக்கும். தலையைக் குனிய வேண்டும். பூமி 140 டிகிரியை அடைத்துக்கொண்டிருக்கும். உங்கள் திரையின் பார்வைக் கோணம் 55 டிகிரி என்றால் முழு உருண்டையும் அதில் அடங்க ஏறத்தாழ 7,400 கி.மீ. உயரம் வேண்டும். எனக்கு அதைவிட நடுத்தர உயரம்தான் பிடிக்கும். 1966 செப்டம்பரில் ஜெமினி 11 விண்கலத்தில் போன கான்ராடும் கோர்டனும் 1,370 கி.மீ. வரை ஏறினார்கள். இந்தியாவும் இலங்கையும் ஒரே சட்டத்தில் விழுந்த புகழ்பெற்ற படம் அந்தப் பயணத்தில் எடுத்ததுதான். கலத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய், அதே மாதிரி ஒன்று பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே துருவப் பாதைக்கு ஏவினேன். சரியா?

சிமுலேட்டர் ஒன்றும் சொல்லாது, இலங்கைதான் வழியில் இருக்கிறது. பிஎஸ்எல்வி தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே வளையும்; அந்த வளைவில் சுமக்கும் எடை குறையும். குலசேகரன்பட்டினத்தில் தளம் அமைக்க அதுதான் பெரிய காரணம்.

கேள்வி: திரும்பி இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் ஓடுபாதையைத் தாண்டிவிடுகிறேன் அண்ணா.

நொடிக்கு 1 மீட்டர் குறைத்தால் பாதையின் எதிர்ப்பக்கம் சுமார் 3.5 கி.மீ. தாழும். 100 மீட்டர் குறைத்தால் 400 கி.மீ. என்பது 50 ஆகிவிடும், காற்று பிடித்துக்கொள்ளும். ஆகவே இறங்குமிடத்துக்கு ஏறக்குறைய அரை உலகம் முன்னாலேயே பின்திரும்பி எரிக்க வேண்டும். ஃப்ளோரிடாவில் ஷட்டில் இறங்கிய கென்னடி ஓடுபாதை 4.6 கி.மீ. நீளம், நீங்கள் ஒரு நொடி தாமதித்தால் அதைவிட அதிகமாகத் தள்ளிப் போகிறீர்கள். பத்து நொடிப் பிழைக்குப் பயப்பட வேண்டாம். மூக்கை 40 டிகிரி தூக்கி வைத்தபடி இடமும் வலமும் சாய்ந்து ஷட்டில் அதிக வேகத்தைக் கரைத்த மாதிரி நீங்களும் கரைக்கலாம். எரிக்கும் முன் நேர வேகம் ஒன்றுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். அது பத்தில் இருப்பதைக் கவனிக்காமல் என் முதல் டெல்டா கிளைடரை அட்லாண்டிக்கில் இறக்கியிருக்கிறேன்.