இரண்டு மணி நேரத்தில் பற்றரி நிரம்புமா?

கேள்வி: மலையகத்துப் பொகவந்தலாவையில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி நின்றுவிடும். அதற்காக 100 அம்பியர் மணி ஈய அமிலப் பற்றரி வாங்கினேன். 5 அம்பியர் சார்ஜரில் ஏற்ற ஒரு பகல் போதவில்லை. கராஜ்காரர் ஒருவர் இரண்டே மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பற்றரியில் குறையில்லை, சார்ஜர்தான் சிறியது. பாதி தீர்ந்திருந்தால் 50 அம்பியர் மணி திரும்ப ஏற வேண்டும். 5 அம்பியரில் அதற்கே பத்து மணி நேரம். 15 அம்பியர் தானியங்கிச் சார்ஜர் வாங்குங்கள். இரண்டு மணி நேரத்தில் 80 வீதத்தைத் தொடும். மிச்சம் 20 வீதத்தை எந்தக் கொம்பனாலும் விரட்ட முடியாது. மூன்று நான்கு மணி நேரம் பொறுக்கத்தான் வேண்டும்.

கராஜ்காரர் 40, 50 அம்பியரைத் திணிப்பார். குமிழி பொங்கியதும் "ஏறிவிட்டது" என்பார். பொங்குவது சார்ஜ் அல்ல. தண்ணீர் பிரிந்து போகிறது, தகட்டுப் பொருள் உதிர்ந்து அடியில் படிகிறது. சில மாதங்களில் பற்றரி செத்ததும், பழையதற்கு வர்ணம் பூசிப் புதிதென்று விற்பவரை அவரே அழைத்து வருவார். "அசிட் கொஞ்சம் ஊற்றலாம்" என்றாலும் தலையாட்டாதீர்கள். குறைவது தண்ணீர்தான், வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கூடாது. முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் மூடிகளை இறுக்கிவிட்டு அப்பச்சோடாக் கரைசலால் கழுவுங்கள். அந்தப் பூப்பும் சார்ஜ் ஏறும் நேரத்தைத் தின்னும்.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும்: நம் குளிர். 12 வோல்ட் பற்றரிக்குச் சார்ஜர் தரும் 14.4 வோல்ட் என்பது 25 பாகைக்கு உரிய கணக்கு. குளிரக் குளிரப் பற்றரி கூடுதல் வோல்ட் கேட்கும். 15 பாகையில் ஏறத்தாழ 14.7. கொழும்பு வெயிலுக்கு அமைத்த சார்ஜர் இங்கே பச்சை விளக்கைக் காட்டும், பற்றரியோ அரைவயிற்றோடு கிடக்கும். தினமும் இப்படிக் கிடந்தால் தகட்டில் சல்பேற்று என்ற உப்பு இறுகி, பிறகு எந்தச் சார்ஜருக்கும் மசியாது. வெப்பநிலைக்கேற்ப மாறும் சார்ஜரா என்று கேட்டு வாங்குங்கள். அமிலம் கூழாக இருக்கும் ஜெல் பற்றரிக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.

உத்தரவாத அட்டையை நம்பி இருக்காதீர்கள். ஒரு பற்றரிக்காக மூன்று முறை கொழும்பிலுள்ள கம்பனிக்கு எழுதினேன். "அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றப்பட்டுள்ளது" என்று ஒற்றை வரியில் கையைக் கழுவினார்கள். ஆண்டுதோறும் தென்மேல் பருவத்தில் மின்கம்பி மேல் கிளை விழும் என்று தெரிந்தும் முன்கூட்டி வெட்ட ஆளில்லை; பற்றரிச் செலவு மட்டும் நம் தலையில்.

குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சார்ஜ் போடாதீர்கள், பக்கத்தில் சாம்பிராணியும் காட்டாதீர்கள். வெளிவருவது ஐதரசன், ஒரு பொறி போதும்.