டைல்ஸ், கிரானைட் வெட்டும்போது மூக்கில் துண்டு கட்டிக்கொண்டால் போதாதா?

போதாது. கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைத் தூசியைத் துண்டு ஓரளவு தடுக்கும். ஆனால் ஆளைக் கெடுப்பது கண்ணுக்கே தெரியாத சிலிகா (கல், மணலில் இருக்கும் ஒரு தாது) துகள்கள். அவை துணியின் இழைகளுக்கு நடுவே புகுந்து, நுரையீரலின் அடியாழம் வரை போய்த் தங்கிவிடும். அங்கே தழும்பு விழுவதுதான் சிலிகோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோய் வரும் வாய்ப்பும் கூடும். குவார்ட்ஸ் கல் என்று விற்கும் செயற்கைக் கல்லில் சிலிகா 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கலாம். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அதற்குத் தடையே போட்டது.

சரி, என்ன செய்யலாம்? முதல் வேலை, தூசி கிளம்பவே விடாமல் தண்ணீர் விட்டு வெட்டுவது. பிளேடு கல்லைத் தொடும் இடத்திலேயே தண்ணீர் விழ வேண்டும். வெட்டிய பிறகு தெளிப்பதில் பலன் குறைவு. அதற்கென்றே வரும் கட்டிங் மெஷினை வாங்குங்கள், சாதாரண கிரைண்டரில் தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கலாம். கரண்ட் லைனில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும்.

அதோடு என்-95 மாஸ்க். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும், மூக்குக் கம்பியையும் அழுத்திவிட வேண்டும். பெயின்ட், தின்னர் ஆவியை இந்த மாஸ்க் தடுக்காது. அதற்குக் கார்பன் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேறு.

அப்புறம், சாயங்காலம் சித்தாளைக் கூப்பிட்டுக் காய்ந்த தூசியைப் பெருக்கச் சொல்லாதீர்கள். வெட்டியவர் போன பிறகு மொத்தத்தையும் சுவாசிப்பது அந்த அக்காதான். ஈரமாக்கி அள்ளச் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.