டிசம்பரில் அந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் மகளுக்கு ஒரு வயது முடிந்தது. மண்டபம் பிடித்துப் பிறந்தநாள் கொண்டாடுவதற்குப் பதிலாக யாருக்காவது உருப்படியாக உதவலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். கென்யாவில் இருக்கும் நண்பர் ஒருவர், அவர் ஊருக்குப் பக்கத்தில் 22 பிள்ளைகள் உள்ள ஒரு சின்ன அநாதை இல்லத்தின் படங்களை அனுப்பினார். மாதம் 5,000 ரூபாய் அனுப்பலாம் என்றிருக்கிறோம். என் அம்மா, "இங்கே இல்லாத பிள்ளைகளா?" என்கிறார். கம்பெனியில், "அதெல்லாம் ஏமாற்று வேலை" என்கிறார்கள். நீங்கள் கென்யாவில் இருந்தவர். அனுப்பலாமா? அடுத்த வருடம் குடும்பத்தோடு போய் இரண்டு வாரம் அந்தப் பிள்ளைகளுடன் தங்கி வரவும் ஆசை.

அன்புடன்,
எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

அனுப்புங்கள். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இரண்டு வருடம் ஆனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் அம்மா கேட்டதில் தப்பில்லை. உங்கள் மனசு அங்கே போனதிலும் தப்பில்லை. பசிக்கு ஊர் பேர் கிடையாது. தூரத்தில் இருப்பதால் ஒரே ஒரு கஷ்டம்தான். பக்கத்துத் தெரு இல்லம் என்றால் போகிற வருகிற வழியில் எட்டிப் பார்ப்பீர்கள். அங்கே உங்களுக்குத் தெரிவதெல்லாம் அவர்கள் அனுப்பும் படம் மட்டும்.

என் கணவரின் வேலைக்காகக் கிசுமுவில் மூன்று வருடம் இருந்தோம். விக்டோரியா ஏரிக்கரை ஊர். கென்யாவில் எய்ட்ஸ் மிக மோசமாக அடித்தது அந்தப் பக்கம்தான். அங்கிருந்த சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறிய இல்லத்துக்கு மாதாமாதம் மக்காச்சோள மாவு, எண்ணெய், பீன்ஸ் வாங்கிக் கொடுத்து வந்தோம். தகரக் கூரை, இரண்டு அறை, அடுக்குக் கட்டில்கள். முப்பதுக்கு மேல் பிள்ளைகள். சனிக்கிழமை தோறும் போவேன்.

இரண்டாவது வருட டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுத்துக்கொண்டு போனால், இல்லத்தில் ஆறே பிள்ளைகள். சமையல் செய்யும் பெண் உகாலியை, அதாவது மக்காச்சோள மாவுக் களியை, கிண்டிக்கொண்டே சொன்னார்: "ஸ்கூல் லீவு. எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்." எனக்குப் புரியவில்லை. வீடு இல்லை என்றுதானே இங்கே இருக்கிறார்கள்? "பாட்டி வீட்டுக்கு. சித்தி வீட்டுக்கு. ரெண்டு மூணு பேர் அம்மாகிட்டே" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. அதுவரை நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பையனின் சட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் மட்டாட்டு ஏறி அவன் கிராமத்துக்குப் போனேன். மட்டாட்டு என்பது அங்கத்து வேன். மண்சுவர் வீடு. முற்றத்தில் வலையை விரித்து ஒமேனா காயவைத்திருந்தார்கள். நம் நெத்திலி மாதிரி சின்ன மீன். ஒன்பது வயதுப் பையன். இல்லத்தில் நான் நான்கு கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் சொல்வான். இங்கே மீனைக் கொத்த வந்த கோழிகளை அதட்டி விரட்டிக்கொண்டு, பாட்டிக்கு உத்தரவு போட்டுக்கொண்டு, வேறு ஆளாக இருந்தான். அவனை ஏன் இல்லத்தில் விட்டீர்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் மூலமாகக் கேட்டேன். பாட்டி விரல் விட்டு எண்ணினார். யூனிஃபார்ம், ஷூ, நோட்டு, பரீட்சைக் காசு. "அங்கே இதெல்லாம் கொடுக்கிறார்கள். என்னிடம் மீன்தான் இருக்கிறது."

கென்யாவில் 2003லேயே தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் பாட்டி எண்ணிய நான்கும் அந்தக் கட்டணத்தில் சேராது. அன்று இரவு நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வாடகை, காவலாளி சம்பளம், விறகு எல்லாம் சேர்த்து அந்தப் பையனை இல்லத்தில் வைத்துக்கொள்ள ஆகும் செலவில் பாதி இருந்தால் அவன் பாட்டியோடு இருந்தே படிக்கலாம். அவனைப் பாட்டியிடமிருந்து பிரித்ததில் எங்கள் மாவு மூட்டைக்கும் பங்கு உண்டு என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளானது.

இது அந்த ஒரு இல்லத்தின் கதை மட்டும் இல்லை. அநாதை என்றதும் நமக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை என்றுதான் தோன்றும். யுனிசெஃப் கணக்கில் பதினெட்டு வயதுக்குள் இருவரில் ஒருவரை இழந்த பிள்ளையும் அநாதைதான். உலகெங்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009ல் எழுதியது. பெற்றோர் இருவருமே போன பிள்ளைக்கும் சொந்தம் உண்டு. கென்யாவில் பேசும் ஸ்வாஹிலி மொழியில் அநாதைக்கு யதீமா என்பார்கள், நம் யத்தீம்கானாவில் இருக்கும் அதே அரபுச் சொல். ஆனால் அதே மொழியில் அப்பாவின் தம்பி பாபா ம்தோகோ, அதாவது சின்ன அப்பா. அம்மாவின் தங்கை மாமா ம்தோகோ, சின்ன அம்மா. அப்பாவின் அண்ணன் பெரிய அப்பா. இதைத் தமிழருக்கு நான் விளக்க வேண்டுமா? சித்தப்பா இருக்கிற பிள்ளையை நாம் அநாதை என்று சொல்வோமா?

ஏமாற்று வேலை என்கிறார்களே, அதற்கு வருகிறேன். ஏமாற்றும் உண்டு. நன்கொடைக்காகவே ஏழைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிடித்து வந்து இல்லத்தை நிரப்புகிறவர்கள் உண்டு. ஆஸ்திரேலியா 2018ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் அதில் சேர்த்துப் பேசினார்கள். ஆனால் நான் பழகிய இல்லத்துக்காரர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். பிரச்சினை பணம் வரும் விதத்தில் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று காசு வந்தால், தலை குறைந்தால் காசும் குறையும். எந்த நல்ல மனிதராலும் அப்புறம் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

கென்ய அரசுக்கும் இது தெரியும். 2017 நவம்பரில் புது இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தினார்கள். 2022ல், பிள்ளைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்குக் கொண்டுபோகப் பத்தாண்டுத் திட்டம் போட்டார்கள். ருவாண்டா 2012லேயே அந்த வேலையில் இறங்கிவிட்டது. கென்யாவில் அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு மாதம் 2,000 ஷில்லிங் கொடுக்கும் திட்டமும் உண்டு. ஆனால் தேவைப்படும் எல்லாருக்கும் அது போய்ச் சேர்வதில்லை. நான் பார்த்த பாட்டிக்கு வரவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பணமே அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். இல்லமே கதி என்று இருக்கும் பிள்ளைகளும் உண்டு. நைரோபியில் 1992ல் டாகோஸ்டினோ என்ற இயேசு சபைப் பாதிரியார், அவரே மருத்துவரும்கூட, எச்.ஐ.வி.யோடு பிறந்து கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 'நியும்பானி' என்ற இல்லத்தைத் தொடங்கினார். நியும்பானி என்றால் 'வீட்டில்' என்று பொருள். அப்போது மருந்து விலை ஒரு ஆளுக்கு வருடம் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் நம் மும்பை சிப்ளா கம்பெனி 350 டாலருக்குத் தருவதாக அறிவித்த பிறகுதான் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வழி திறந்தது. அரசுப் பள்ளிகள் அந்தப் பிள்ளைகளைச் சேர்க்காதபோது 2004ல் நியும்பானி கோர்ட்டுக்குப் போய் இடம் வாங்கிக் கொடுத்தது. பிறகு கிடுயி பக்கத்தில் பிள்ளைகளை இழந்த தாத்தா பாட்டிகளையும் பெற்றோரை இழந்த பேரப்பிள்ளைகளையும் ஒரே வீட்டில் சேர்த்து ஒரு கிராமமே அமைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

கிசுமுவில் நாங்கள் என்ன செய்தோம் என்றால், இல்லத்துக்கான மாவை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அந்த மாதமே பிள்ளைகள் பட்டினி கிடந்திருப்பார்கள். நடத்துகிறவரோடு உட்கார்ந்து பேசி, வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கும் அதே காசு தொடரும் என்று வாக்குக் கொடுத்தோம். அவர் முகத்தில் பாரம் இறங்கியதைப் பார்த்தேன். அங்கத்து சில்ட்ரன்ஸ் ஆஃபீசர், அதாவது பிள்ளைகள் நலனைக் கவனிக்கும் அரசு அதிகாரி, வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். பள்ளிச் செலவை, போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசாவில் நேராகப் பாட்டிகளின் போனுக்கே அனுப்பினோம். நாங்கள் ஊர் திரும்பும்போது பதினொரு பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். ஒரு சிறுமிக்கு மட்டும் சரிப்படவில்லை. மாமன் வீட்டில் அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் மாடு மேய்க்க விட்டார்கள். அவள் இல்லத்துக்கே திரும்பினாள். சனிக்கிழமை என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்த இல்லம் வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் போய்த் தங்குவது பற்றி: வேண்டாம், தம்பி. உங்கள் மகளை நினைத்துப் பாருங்கள். புது ஆள் தூக்கினால் அழுதுகொண்டு உங்கள் தோளைத் தேடுவாள். இல்லத்தில் வளரும் குழந்தை யார் கை நீட்டினாலும் ஏறிக்கொள்ளும், இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் விமானம் ஏறிய பிறகு வாசலையே பார்த்திருக்கும். அப்புறம் அடுத்தவர் வருவார். ருமேனியாவில் 2000ல் தொடங்கி 136 குழந்தைகளை வைத்துப் பல வருடம் ஆராய்ந்தார்கள். இல்லத்திலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், மிகவும் நன்றாகத் தேறினார்கள். குழந்தைக்குத் தினமும் அதே முகம் வேண்டும். டிக்கெட் காசை அங்கே சமைக்கும் பெண்ணின் சம்பளத்துக்குக் கொடுங்கள்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம்தான். இல்லம் அரசில் பதிவானதா, ஒவ்வொரு பிள்ளையும் கோர்ட் உத்தரவோடு வந்ததா என்று கேளுங்கள். வங்கி மூலமாகவே அனுப்புங்கள், நன்கொடை என்று காரணம் காட்டி. வெளிநாட்டு இல்லத்துக்குக் கொடுப்பதற்கு 80ஜி வரிச் சலுகை கிடைக்காது. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். நாளைக்கு அவர்கள் பெரியவர்களாகி அதைப் பார்க்கக்கூடும்.

ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். உங்கள் நண்பரை அந்த இல்லத்துக்கு ஒரு நடை போகச் சொல்லுங்கள். குற்றம் பிடிக்கப் போனவர் மாதிரி இல்லாமல், டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்கட்டும்: "போன டிசம்பர் லீவில் இந்த 22 பேரில் எத்தனை பேர் ஊருக்குப் போனார்கள்? யார் வீட்டுக்கு?" பதில் கிடைத்ததும் எனக்கும் எழுதுங்கள். 5,000 ரூபாயில் எவ்வளவு இல்லத்துக்கு, எவ்வளவு அந்த வீடுகளுக்கு என்று சேர்ந்தே கணக்குப் போடலாம்.